வினாவுக்கு இடம் உள்ள பத்தி

அன்புள்ள இளம் விமர்சகருக்கு,

அரசியல் உருவகக் கதையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ என்றால் நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்நோபால் ட்ராட்ஸ்கி, பண்ணைக்கார ஜோன்ஸ் ஜார் மன்னர், கிழட்டுப் பன்றி மேஜர் பாதி மார்க்ஸ், பாதி லெனின். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் விடுகதைக்கு விடை சொன்னவுடன் வேலை முடிந்துவிட்டதுபோல் கட்டுரையும் அங்கேயே நின்றுபோகிறது. 1945 ஆகஸ்டில் வெளிவந்த அந்தச் சிறு நாவலை, சோவியத் ஒன்றியமே கலைந்து போன பிறகும் ஏன் படிக்கிறோம்? தன் கண்ணால் பார்த்ததையே பார்க்கவில்லை என்று ஒரு கூட்டம் எப்படி நம்பவைக்கப்படுகிறது என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. அந்த நம்பவைத்தலை ஆராய உங்களிடம் உள்ள கருவி பத்திதான். அதை எப்படிக் கட்டுவது என்பது வெறும் எழுத்துப் பயிற்சி அல்ல, நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் அதுவே சொல்லிவிடும் என்பது என் வாதம்.

பள்ளியிலும் கல்லூரியிலும் சொல்லித்தரும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும்: கருத்தைச் சொல், சான்று காட்டு, விளக்கு. நம் உரை மரபு இதைவிட இரண்டு படி கூடுதலாகக் கேட்டது. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், சுருக்கமான உரையாகிய காண்டிகையுரைக்குச் சொல்லும் உறுப்புகள் ஐந்து: கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை. நாம் முதல் மூன்றை வைத்துக்கொண்டு கடைசி இரண்டைக் கைவிட்டுவிட்டோம். வேறு பொருளில் எழுதும்போது இது சிறு குறையாக இருக்கலாம். பிரசாரத்தை ஆராயும்போது பெருங்குறை. பிரசாரகரும் கருத்துச் சொல்கிறார், சான்று காட்டுகிறார், விளக்குகிறார். ‘விலங்குப் பண்ணை’யில் பன்றிகளின் வாயாக இருக்கும் ஸ்குவீலர் இந்த மூன்றையும் சரளமாகச் செய்கிறது. ஸ்குவீலரால் தாங்க முடியாதது வினா ஒன்றுதான். ஆகவே வினாவுக்கு இடம் விடாத பத்தி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், தான் கண்டிக்கும் பேச்சின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும்.

பாலும் ஆப்பிளும் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்சி நடந்த மறுநாளே கறந்த பால் காணாமல் போகிறது. யார் எடுத்தார்கள் என்று கதைசொல்லி சொல்வதில்லை. பால் இல்லாதது கவனிக்கப்பட்டது என்பதோடு அத்தியாயம் முடிகிறது. பிறகுதான் அது பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுவது தெரியவருகிறது. உதிர்ந்த ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வந்ததும் சில விலங்குகள் முணுமுணுக்கின்றன. சமாதானம் சொல்ல ஸ்குவீலர் வருகிறது. பன்றிகளில் பலவற்றுக்குப் பாலே பிடிக்காது என்று முதலில் ஆசையை மறுக்கிறது. பன்றியின் உடல்நலத்துக்கு இவை தேவை என்று அறிவியல் நிரூபித்திருக்கிறது என அடுத்ததாக அறிவின் பெயரை இழுக்கிறது. பண்ணை நிர்வாகமே எங்கள் மூளையில்தான் இருக்கிறது, ஆகவே உங்களுக்காகத்தான் குடிக்கிறோம் என்று சலுகையைத் தியாகமாக மாற்றுகிறது. நாங்கள் தவறினால் ஜோன்ஸ் திரும்பி வருவார், அதை விரும்புகிறவர் யாராவது உண்டா என்ற கேள்வியோடு முடிக்கிறது. விலங்குகளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

இதைப் பற்றி எழுதும்போது ‘ஸ்குவீலர் பயமுறுத்தி ஏமாற்றுகிறது’ என்ற கருத்தோடு நிறுத்தினால் நீங்கள் ஆராயவில்லை, தீர்ப்பு மட்டும் வழங்குகிறீர்கள். பயம் எங்கே நுழைகிறது, அதற்கு முன் என்ன நடந்துவிட்டது என்று பாருங்கள். பன்றியின் உடல்நலத்துக்கும் ஜோன்ஸின் வருகைக்கும் நடுவே நிரூபிக்கப்பட்ட இணைப்பு எதுவும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படும் வேகமே இணைப்பாகத் தோன்றுகிறது. விலங்குகள் மனதில் இருந்த கேள்வி ‘ஏன் பங்கு போடவில்லை?’ என்பது. பேச்சின் முடிவில் அது இருந்த இடத்தில், ஒரே பதில் மட்டுமே சாத்தியமான வேறொரு கேள்வி நிற்கிறது. ஆகவே பத்தியின் கருத்து இப்படி அமைய வேண்டும்: ஸ்குவீலரின் திறமை பொய்யான பதில் சொல்வதைவிட, கேள்வியை மாற்றிவிடுவதில் இருக்கிறது. இந்தக் கருத்துக்கு எதிராக ஒருவர் கேட்கலாம்: விலங்குகள் அறிவு குறைந்தவை, அவற்றிடம் எந்தத் தந்திரமும் பலிக்குமே? அதற்கும் நாவலிலேயே விடை இருக்கிறது. அவை முணுமுணுத்தன, அதாவது சரியான கேள்வியை அவையே எழுப்பியிருந்தன. குறை இருந்தது அறிவில் அல்ல. எழுந்த கேள்வியைக் கைவிடாமல் நிற்கும் பழக்கத்தில்தான்.

ஒரு பத்தி இப்படி நிலைபெற்ற பிறகு அடுத்த பத்தியின் வேலை அதையே வேறு சான்றால் திரும்பச் சொல்வதல்ல, மாற்றத்தைக் காட்டுவது. நெப்போலியன் நாய்களை ஏவி ஸ்நோபாலைத் துரத்திய பிறகு ஸ்குவீலர் விளக்கம் சொல்ல வரும்போது மூன்று நாய்கள் கூடவே வந்து உறுமுகின்றன. மாட்டுக்கொட்டகைச் சண்டையில் ஸ்நோபால் துரோகி என்று சொல்லப்படும்போது, அது காயப்பட்டதைத் தன் கண்ணால் பார்த்த பாக்ஸர் என்ற குதிரை மறுக்கிறது. ஸ்குவீலர் விவரங்களைத் திரித்துப் பார்க்கிறது. அது போதாமல் போனதும் தலைவர் நெப்போலியனே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார் என்கிறது. பாக்ஸர் உடனே பணிந்துபோகிறது. பாலுக்காகக் காரணங்களை அடுக்கிய அதே வாய்க்கு இப்போது ஒரு பெயர் போதுமானதாக இருக்கிறது. வற்புறுத்தலுக்கும் வன்முறைக்கும் உள்ள விகிதம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுவதை இந்த வரிசையில் நிறுத்தினால், உங்கள் பத்திகளின் ஒழுங்கே வாதமாகிவிடும். அதிகாரம் நிலைபெற நிலைபெற அது காரணம் சொல்லும் சிரமத்தைக் குறைத்துக்கொள்கிறது என்ற முடிவுக்கு வாசகர் தாமாகவே வந்து சேர்வார்.

அப்படியானால் வரலாற்றுப் பட்டியலே வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டும், ஆனால் அது சான்றாக வர வேண்டும், முடிவாக அல்ல. காற்றாலை வெடிவைத்துத் தகர்க்கப்படும்போது எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுகின்றன. நெப்போலியனும் விழுந்ததாகத்தான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில், நெப்போலியனைத் தவிர மற்ற எல்லாம் விழுந்தன என்று மாற்றச் சொல்லிப் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவிலேயே இருந்தார், அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பது காரணம். வரலாறு தெரியாதவருக்கு இந்தத் திருத்தத்தின் பொருள் புரியாது. அதே சமயம் பட்டியல் கைவிடும் இடங்களும் உண்டு. பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்பதில் எல்லாப் பன்றிகளும் ஒத்துப்போகின்றன, ஸ்நோபால் உட்பட. ட்ராட்ஸ்கி நல்லவர், ஸ்டாலின் கெட்டவர் என்ற எளிய வாசிப்பு இந்த ஒரு தகவலின் முன் நிற்காது. உருவகம் வரலாற்றோடு பொருந்தும் இடத்தைக் குறித்துக்கொள்வதைப்போலவே, நமது எளிய பொருத்தத்துக்கு அது அடங்காத இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை இதைவிட வலுவானது. ஆர்வெல்லும் ஒரு வற்புறுத்தலாளர்தானே? ஆமாம். ஸ்குவீலர் பொய் சொல்கிறது என்று கதைசொல்லி நம்மிடம் முறையிடுவதில்லை. விலங்குகள் தவறவிடுவதை நாம் கண்டுகொள்ளும்படி விட்டுவிடுகிறார். நாமே கண்டுபிடித்தோம் என்ற உணர்வு நம்மை இன்னும் எளிதாக அவர் பக்கம் சாய்க்கிறது. ஆகவே வினாவை அவரிடமும் கேட்க வேண்டும். 1944-இல் ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் இந்த நூலை மறுத்த டி.எஸ். எலியட், தேவைப்பட்டது பொதுநலம் மிக்க பன்றிகள்தானே என்று ஒருவர் வாதிடலாம் என எழுதினார். ஆர்வெல்லோ, 1946-இல் அமெரிக்க விமர்சகர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென வைத்துக்கொண்ட இடமே கதையின் திருப்பம் என்றும், தலைவர்களை வெளியேற்றத் தெரிந்த விழிப்புள்ள மக்கள் இல்லாமல் புரட்சி பலன் தராது என்றும் விளக்கினார். 1954-இல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட கார்ட்டூன் படத்தில் விலங்குகள் மறுபடி கிளர்ந்தெழுவதாக முடிவே மாற்றப்பட்டது. பாத்திரங்கள் அநேகமாக அவையே, பட்டியலும் அதுவே. கடைசிக் காட்சி மாறியதும் வாதமே வேறாகிவிட்டது. அரசியல் உருவகத்தின் வற்புறுத்தல் அதன் அமைப்பில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஆசிரியரின் கடிதமும்கூட நமக்குச் சான்றுகளில் ஒன்றுதான். பிரதியோடு அதை உரசிப் பார்க்கும் உரிமை வாசகருடையது.

இப்படி உறுப்பு உறுப்பாகப் பத்தி கட்டினால் இலக்கிய ரசனை செத்துவிடாதா என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் கேள்வி. கருத்து, காட்டு, வினா என்று வெளியே தெரியும்படி எழுதினால் செத்துத்தான் போகும். அவை சிந்தனையின் படிகளாக உள்ளே இருக்கட்டும். வரிசை மாறலாம், வினாவே முதல் வாக்கியமாகலாம், விடை அடுத்த பத்திக்கும் போகலாம். ரசனையைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று: ‘அற்புதமாகச் சித்திரித்திருக்கிறார்’ என்பதுபோல, எந்த நூலுக்கும் பொருந்தி எதையும் நிரூபிக்காத வாக்கியம். அதை எழுதும் கை, ஜோன்ஸ் திரும்பி வருவார் என்ற வாக்கியத்தையும் ஒருநாள் கூச்சமில்லாமல் எழுதிவிடும். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் முடித்த பிறகு, உங்களோடு உடன்படாத, நூலை நன்றாகப் படித்த ஒருவர் அதைப் பார்த்து என்ன கேட்பார் என்று யோசியுங்கள். அவர் கேள்வியை அவரே ஒப்புக்கொள்ளும் வலுவோடு எழுதுங்கள். நூலிலிருந்தே விடை தேடுங்கள். விடை கிடைக்கவில்லை என்றால் கேள்வியை அழிக்காதீர்கள். உங்கள் கருத்தை மாற்றுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பிருந்தே படித்துக்கொண்டிருக்கும் ஒருவர்