பாலர் வகுப்புக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்தல்



ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வேளையில்தான் குற்றாலச் சாரலும் தொடங்குகிறது. மூன்று வயது நிறைந்த உங்கள் பிள்ளை அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி. வகுப்புக்கோ முதன்முதலாய்ப் போகப்போகிறது. அதற்கு "அ, ஆ" தெரியவில்லையே என்று வருந்தாதிருங்கள். அதைக் கற்பிக்கத்தான் ஆசிரியை இருக்கிறார்.

நீங்கள் கற்பிக்க வேண்டியவை வேறு. கேட்டால் தன் பெயரைச் சொல்லவும், ஒன்றுக்கு வந்தால் கூச்சமின்றிக் கேட்கவும், சோற்று டப்பாவைத் தானே திறந்து உண்ணவும் அதற்குத் தெரிய வேண்டும். மூடி இறுகினால் பிள்ளை சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் பொத்தான் மாட்டுவதையே ஒரு பாடமாக வைத்தார். துணி பொருத்திய மரச்சட்டத்தில் பிள்ளைகளைப் பழக்கினார். நம் வீட்டில் அப்பாவின் பழைய சட்டை போதும்.

"சாப்பிடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவேன், டீச்சர் அடிப்பார்" என்று மிரட்டிச் சோறூட்டுவது நம் குத்துக்கல்வலசைத் தெருக்களிலும் உண்டு. (ஆச்சிமார் மன்னிக்க!) இதை இன்றே நிறுத்துங்கள். பிள்ளை அதை நம்பிவிடுகிறது.

முதல் நாள் வாசலில் அழும். அது கவனியாத நேரம் பார்த்து நழுவிவிடாதீர்கள். "மத்தியானம் அம்மா வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிப் புறப்படுங்கள். சொன்ன வேளைக்கு முன்பே வாசலில் வந்து நில்லுங்கள். ஒரு நாள் ஏமாந்த பிள்ளை மறுநாள் முந்தானையை விடாது. சாரலில் துணி உலராது; ஆகையால் மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.