மண்டிக்காரர் கைவிடாமல் இருக்க

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் மண்டிக்காரர் யாருக்குச் சரக்கை எடுத்துவைப்பார்? வாடிக்கையாக வாங்கி, சொன்ன தேதியில் பாக்கியைத் தீர்ப்பவருக்குத்தான். உணவு வண்டி நடத்துவோருக்கு இது மிக முக்கியம். வண்டியில் சரக்கைச் சேர்த்துவைக்க இடம் கிடையாது.

கோயம்பேடு சந்தையில் இரவெல்லாம் லாரிகள் வந்து இறங்கும், விடிவதற்குள் வியாபாரம் சூடுபிடித்துவிடும். அந்த நெரிசலில் போன் போட்டுப் பேரம் பேசினால் யாருக்கும் காது கொடுக்க நேரமிருக்காது. முந்தின நாள் மாலையே தேவையைச் சொல்லிவிட வேண்டும், அதுவும் விவரமாக: “சால்னாவுக்கு நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி 4 கிலோ, சாண்ட்விச்சுக்குக் கெட்டியானது 1 கிலோ.” உடனே செலவாக வேண்டிய பழுத்த காய் பெரும்பாலும் விலை குறைவாகவே கிடைக்கும். இருவருக்கும் லாபம்.

அழுகல் இருந்தால் மூட்டையைப் பிரித்ததுமே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது கிளப்பினால் மனக்கசப்புதான்.

பன்னீர், எண்ணெய், மசாலா வாங்கும்போது பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) எண் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கோழிக்கறிக்கு மட்டும் இரண்டாவது கடை ஒன்றையும் பழக்கத்தில் வைத்திருப்பது நல்லது. முதல் கடைக்காரரிடம் அதை மறைக்க வேண்டியதில்லை.