வலையைப் பின்தொடர்ந்து குருநகரில் ஒரு மதிய நடை

யாழ்ப்பாணம் பிரதான வீதிப் பக்கம் அலுவலக வேலை பார்க்கிறவர்களுக்கு மதிய இடைவேளை பெரும்பாலும் சோற்றுப் பார்சலோடும் கைத்தொலைபேசியோடும் போய்விடும். அந்த நேரத்தில் பாதியை நான் குருநகரில் நடப்பதற்கென்று ஒதுக்கிவிட்டேன். மரியன்னை பேராலயத்தடியிலிருந்து தெற்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் கடற்கரை வீதி. ஐஸ் உடைக்கிற சத்தம், பைபர் படகுக்குப் பூசுகிற பசையின் நெடி, பிரித்துப் போட்ட இஞ்சின்கள், கயிறும் மிதப்பும் தொங்குகிற கடைகள். மதில் இல்லாத தொழிற்சாலை போல ஊரே வெளியில் நின்று வேலை செய்கிறது. அங்கே நடந்து பழகியதில் தெரிந்துகொண்டவற்றை, நடக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு பொருளைப் பின்தொடருங்கள்

எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். நான் வலையைப் பிடித்துக்கொண்டேன். ஆழமில்லாத களக்கடலில் பிடிபடும் நண்டு வலையில் சும்மா கிடப்பதில்லை. கொடுக்கால் நூலைப் பற்றி முறுக்கும். கழற்றும்போது வலையும் கிழியும். நண்டு கொம்பனிக்குப் போய், அவித்துச் சதை பிரிக்கப்பட்டு வெளிநாடு போகும். கிழிந்த வலை வீட்டு வாசலுக்கு வரும். அதற்கு நூல் தேடிக் கடைக்குப் போவார்கள். பொத்த முடியாதென்றால் புது வலை. குருநகரிலேயே அரசின் 'நோர்த் சீ' நிறுவனத்துக்கு ஒரு வலைத் தொழிற்சாலை இருக்கிறது. நைலோன் வலையை இயந்திரம் முடிந்து தள்ளும். அதோடு வேலை முடியாது. சூடேற்றி இழுத்து முடிச்சுகளை இறுக்கினால்தான் கண் பிசகாமல் நிற்கும். இந்த ஒரு வரிசை பிடிபட்டதும், முன்பு தனித்தனியாகத் தெரிந்த கடைகளும் கொட்டில்களும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

கையைப் பார்த்துக் கேளுங்கள்

"தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால் "ஏதோ போகுது" என்பார்கள். கண்முன்னே நடப்பதைக் கேட்டால்தான் பேச்சு வரும். பூவரசு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கிழிசலைச் சுற்றியிருந்த நூல்களை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, கிழிஞ்சதை ஏன் இன்னும் பெரிசாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பிஞ்ச நூலை இழுத்துக் கட்டினா வலை சுருங்கிப்போம் தம்பி. நல்ல முடிச்சு வரைக்கும் வெட்டிப்போட்டுத்தான் தொடங்கவேணும்."

பிறகு காட்டியும் தந்தார். முழு முடிச்சில் நான்கு நூல் கூடும். ஒரு நூல் மட்டும் அறுந்து, மூன்று மிஞ்சிய முடிச்சில் ஊசியைத் தொடங்க வேண்டும். அதேபோல மூன்று நூல் நிற்கிற இன்னொரு முடிச்சில் போய் முடிக்க வேண்டும். இடையில் ஒவ்வொரு கண்ணையும் விரலில் போட்டு அளவு பார்த்தே முடிச்சுப் போட்டார். முடிந்தபோது புது நூலின் நிறத்தை வைத்துத்தான் பொத்திய இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நேரமும் காற்றும்

மீன் கூறி விற்கிற அவசரம் காலையோடு அடங்கிவிடும். மதியம் திருத்த வேலைக்குரிய நேரம். கை வேலையில் இருந்தாலும் வாய்க்கு ஓய்வு இருக்கும். சோளகம் பலமாக வீசுகிற மாதங்களில் கரையில் நிற்கிற படகுகள் அதிகம். பார்க்கவும் கேட்கவும் அது நல்ல காலம். யூலை 25 புனித யாகப்பர் திருநாள். அதை ஒட்டிய நாட்களில் ஊரின் கவனம் கோயிலில் இருக்கும்.

கால் வைக்கும் இடம், கமரா திருப்பும் இடம்

விரித்திருக்கிற வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். தூண்டிலும் மீன்முள்ளும் கிடக்கிற தரை, மூடிய செருப்பே நல்லது. ஐஸ் பெட்டி தூக்குகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாமென்றால் காரணம் கேட்காதீர்கள்.

இது இழப்பைச் சுமந்த ஊர். 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13 அன்று யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்து உயிர்கள் போயின. நமக்கு வரலாறாகத் தெரிவது பல வீடுகளுக்குத் தகப்பனின், தமையனின் சாவு. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள்.

ஒரு பக்கத்தோடு நிற்காதீர்கள்

வலையை நண்டு மட்டும் கிழிப்பதில்லை. இழுவைப்படகு இழுத்துக்கொண்டு போன வலையைப் பொத்த முடியாது, வலையே மிஞ்சாது. அடிமட்ட இழுவையை 2017இல் சட்டம் தடைசெய்தது. இந்திய இழுவைப்படகுகள் மீதான கோபத்தை எந்தக் கொட்டிலிலும் கேட்கலாம். ஆனால் குருநகரிலேயே இழுவைத் தொழிலால் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களும் இருக்கின்றன. வலைக்காரரோடு ஒரு பிளேன்ரீ குடித்தால், இன்னொரு நாள் அவர்களோடும் குடியுங்கள். கடலடி வாழ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் அந்தக் குடும்பங்களிடம் மட்டும் அதன் விலையைக் கேட்பது நியாயமில்லை என்பதையும் இந்தத் தெருக்களில்தான் புரிந்துகொண்டேன்.

மேசைக்குத் திரும்பியபின்

என் வேலை கணக்கு. மீனவர் ஒருவரின் வரவு செலவு வந்தால் மண்ணெண்ணெய், ஐஸ், படகுத் தவணை எல்லாம் அதில் இருக்கும். வலை பொத்துகிற மணித்தியாலங்கள் இருக்காது. வீட்டு ஆட்களே செய்வதால் அவர்களும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை. இப்போது நான் கேட்கிறேன்: "வலை பொத்த ஒரு கிழமைக்கு எவ்வளவு நேரம் போகுது? ஆர் பொத்துறது?" பதிலைக் கணக்கில் சேர்த்தால், லாபமாகத் தெரிந்த தொகையில் பெரும்பங்கு ஒரு பெண்ணின் அல்லது ஒரு முதியவரின் கூலியில்லா உழைப்பாக இருப்பது பலமுறை தெரிந்திருக்கிறது.

உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு தெரு இருக்கும். அச்சுக்கூடமோ மரக்காலையோ வாகனம் திருத்தும் இடமோ. கோப்புகளில் தினமும் பெயராக மட்டும் பார்க்கிற ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது செய்யப்படுகிற இடத்துக்கு இந்தக் கிழமையே நடந்து போங்கள். வேலைக்குத் திரும்பியதும், அங்கே கண்டதில் எது உங்கள் கோப்பில் இல்லை என்று பாருங்கள்.