பழைய வீட்டுக் கரண்ட் பாக்கியும் புதிய பயமும்

நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைத்து நிற்கும் நேரத்தில் பரவுகிற சட்ட அறிவுக்கு அளவே இல்லை. இப்போது அதில் முதலிடம் இதற்கு: வாடகைக்கு இருந்து காலி செய்த வீட்டில் கரண்ட் பில் பாக்கி நின்றால், அது குடியிருந்தவர் பெயரில் கடனாக ஏறிவிடுமாம். வசூல் ஏஜென்ட் போன் செய்தால் கட்டித்தான் தீர வேண்டுமாம். கட்டாவிட்டால் இப்போது இருக்கிற வீட்டிலும் வந்து பீஸைப் பிடுங்குவார்களாம், சிபில் மதிப்பெண்ணும் போய்விடுமாம். அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கேட் திறந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போய்த் தூக்கமில்லாமல் கிடக்கிறார்.

மின் இணைப்பு ஆளோடு ஊர் ஊராகப் போவதில்லை, வீட்டோடு இருப்பது. 2023 மே 19 அன்று கே.சி. நைனான் எதிர் கேரள மாநில மின் வாரியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே ஆராய்ந்தது. மின்சாரம் பெறுகிறவர் எந்த வளாகத்துக்குப் பெறுகிறாரோ அந்த வளாகத்தைப் பொறுத்த மட்டில்தான் நுகர்வோர் என்றது தீர்ப்பு. பழைய பாக்கியைக் கட்டினால்தான் அதே வளாகத்துக்கு மறுபடி இணைப்பு என்று விதிகளில் நிபந்தனை வைக்கலாம், அது செல்லும் என்றும் சொன்னது. அந்த நிபந்தனை யார் கழுத்தில் விழுகிறது? அந்த வீட்டை ஏலத்திலோ கிரயத்திலோ வாங்கியவர் கழுத்தில். காலி செய்துகொண்டு கோயம்புத்தூர் போனவர் அங்கே குடியிருக்கும் வேறொருவர் வீட்டின் பீஸுக்கும் நீடாமங்கலத்துப் பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? வீட்டை வாங்குகிறவர்தான் பயப்பட வேண்டும். அவர் நிம்மதியாக இருக்கிறார், பத்திரம் பார்ப்பவர் மின் பாக்கியைப் பார்ப்பதே இல்லை.

"குடியிருந்தவரும் சட்டப்படி நுகர்வோர்தானே?" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். சரிதான், 2003 மின்சாரச் சட்டத்தின் விளக்கம் குடியிருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் இணைப்பில் இருக்கும் காலம் வரைக்கும்தான். பில் போடப்படுவது பதிவுபெற்ற பெயருக்கு, பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு. அவர் கட்டிவிட்டுக் குடியிருந்தவரிடம் கேட்கலாம், முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். அது வாடகை ஒப்பந்தக் கணக்கு. ஓடிய மின்சாரத்துக்குக் காசு தராமல் நழுவுவதற்கு நான் வழி சொல்லவில்லை. யாருக்குத் தர வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் தன் பெயரிலேயே இணைப்பு வாங்கியிருந்தால் கதை வேறு. அந்தப் பாக்கி அவருடையதேதான்.

இந்த வசூல் ஏஜென்ட் யார்? பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு மின் வழங்கும் நிறுவனத்துக்குத்தான் தருகிறது. அதுவும் எழுத்தில் 15 நாள் முழு அவகாசம் கொடுத்த பிறகு. மின் வாரியம் (பெயர் மாறி இப்போது மின் பகிர்மானக் கழகம், ஊர் வாயில் என்றைக்கும் ஈபி) போனில் மிரட்டி யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்காது. "இன்றிரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று 2022லிருந்து சுற்றும் குறுஞ்செய்தியும் இதே கூட்டத்துச் சரக்குதான். பலர் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டைக் காலி செய்தாலும் பழைய சர்வீஸ் நம்பரில் தங்கள் கைபேசி எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய வீட்டின் உண்மையான பில்லும் அவர்களுக்கே வந்துகொண்டிருக்கிறது. உண்மைச் செய்தியோடு பொய்ச்செய்தியும் வந்தால் எதை நம்புவது? ஆகவே கேட்கிறவரிடம் மூன்றைக் கேளுங்கள்: சர்வீஸ் நம்பர், எந்த மாதத்து ரீடிங், யார் பெயரில் பில். எழுத்தில் தராதவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

மற்றவை சில்லறை வதந்திகள். சிபில் அறிக்கை அடிப்படையில் கடன், கிரெடிட் கார்டு கணக்கு. மின் வாரியம் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. சந்தேகமிருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாக வாங்கிப் பாருங்கள். இரண்டு வருஷம் போனால் பாக்கி செத்துப்போகும் என்பதும் பொய். 2020 பிப்ரவரியில் ரஹமத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, காலம் கடந்தால் துண்டிக்க முடியாது, வழக்குப் போட்டு வசூலிக்கத் தடையில்லை என்பதே. மின் இணைப்போடு ஆதாரை இணைத்தால் குடியிருப்பவர் வீட்டைப் பிடித்துக்கொள்வார் என்று 2022இல் கிளம்பிய புரளிக்குப் பதில் எழுதுவதே நேரக்கேடு.

பில்லே தவறு என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். கேட்ட தொகை, முந்தைய ஆறு மாத சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை எதிர்ப்பைப் பதிவுசெய்து கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. அதே 56ஆம் பிரிவில் இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் மனு, பிறகு திருவாரூர் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர்.

இத்தனை குழப்பத்துக்கும் வேர் அந்த வெள்ளை அட்டை போனதுதான் என்பேன். முன்பு மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கும். தேதி, ரீடிங், யூனிட், தொகை, எடுத்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். குடி மாறும் நாளில் எவர் கணக்கு எங்கே முடிந்தது என்று எழுத்துப் படிக்காத கிழவிக்கும் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. இன்று அது குறுஞ்செய்தியாகி யாரோ ஒருவர் கைபேசிக்குள் போய்விட்டது. வாரியம் அட்டையைத் திரும்பத் தரட்டும். அதுவரை, சாவியைக் கொடுக்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து, அந்த ரீடிங்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஈபி ஆபீஸில் உங்கள் கைபேசி எண்ணை நீக்கச் சொல்லுங்கள்.