தாழ்வாரத்தை இடிக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தை இடித்துவிட்டுக் காரை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். முடிவு செய்துவிட்டு ஆசிக்குத்தான் எழுதுகிறாய், எனக்குத் தெரியாதா? தர மாட்டேன். முதலில் வைசியாள் வீதிக்கு ஒரு நடை போய் வா. பலகையில் கலவை சுப்புராய செட்டி வீதி என்றிருக்கும்; வழி தவறிவிட்டது என்று திரும்பிவிடாதே.

புதுச்சேரியின் பழைய வீடு என்றால் உனக்குப் பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் மதில்தான். அந்த வீடுகள் மதிலுக்குள் ஒதுங்கி நிற்பவை. அந்தப் பகுதியைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே நம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவுக்கே வந்து உட்கார்ந்திருப்பவை. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, அதாவது தாழ்வாரம், தெருவில் போகிறவனுக்கு நிழல். அதை அடுத்த திண்ணை வந்தவருக்கு. முற்றம் வீட்டாருக்கு. தாழ்வாரம் வீடு விட்டு வீடு தொடர்ந்தால்தான் அந்த வரிசைக்கே அழகு. நடுவில் ஒருவர் பிடுங்கினால் இரண்டு பக்கத்து வீடுகளும் அனாதையாக நிற்கும்.

மாடியில் வளைவு ஜன்னலைப் பார்த்ததும், 'இது பிரெஞ்சுக்காரன் கட்டினது' என்பாய். அவசரப்படாதே. கீழே திண்ணை, மேலே பிரெஞ்சுப் பாணி மாடி என்று கட்டிக்கொண்டவர்கள் வசதியான நம்மவர்களே. 1738இல் எழும்பிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலேயே இரண்டு பாணியும் கைகோத்திருக்கின்றன.

'என் வீடு, என் இஷ்டம்' என்று முணுமுணுப்பது கேட்கிறது. உள்ளே ஏசி போடு, குளியலறை கட்டு, யார் கேட்டார்கள்? ஆனால் முகப்பு உனக்கு மட்டுமே சொந்தமில்லை. இதைப் புரிந்துகொண்டுதான் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ் சுர் லோ நகரங்களின் துணையோடு, 2002 முதல் 2004 வரை வைசியாள் வீதியின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தது. 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. உள்ளே ஆட்கள் வழக்கம்போலக் குடியிருக்கிறார்கள். சினிமா செட் இல்லை.

இன்னொன்று. சுவர் உதிர்கிறதே என்று சிமென்ட் பூசிவிடாதே. கடற்காற்றின் உப்பும் ஈரமும் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். அப்புறம் பூச்சு செங்கல்லின் தோலோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பழைய வீடு கெட்டுப்போவது பாதி வயதால், பாதி நம் அவசர வைத்தியத்தால்.

காருக்குப் பின்சந்தில் இடம் தேடு. கொத்தனார் வந்தால், சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று முதலில் கேள். சிமென்ட் மூட்டைக் கணக்கை ஆரம்பித்தாரானால், காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடு.