டயர் தட்டும் நேரத்தில் பத்து நிமிட நடை

நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தால் உடம்பு வலிக்கும். ஆனால் அது உடற்பயிற்சி ஆகாது. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது, அரைகுறைத் தூக்கம், வீட்டைப் பிரிந்த கவலை எல்லாம் சேர்ந்தால் எரிச்சலும் மனச்சோர்வும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

டயரைத் தட்டிப் பார்க்க இறங்குகிறீர்கள் அல்லவா? வண்டி பத்திரமான இடத்தில் நிற்கிறதென்றால், அப்படியே பத்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்துவிட்டு ஏறுங்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். லோடுக்குக் காத்திருக்கும்போது செல்போனை உள்ளே வைத்துவிட்டு இன்னொரு நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். படுத்ததும் தூக்கம் வரும். மறுநாள் கோபம் குறையும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களுக்கு நிற்பதே வேலை. தறிச் சத்தம் எட்டாத இடத்தில், துணைக்கு ஒருவரோடு பேசிக்கொண்டு நடப்பது அவர்களுக்கு நல்லது. சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நடக்க இடம் தேடுகிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பர் முதல் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை உண்டு.

மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடையை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.