உழவும் உலையும்

நுழையும்முன்

காவிரிப் படுகையில் நெல் விளைய நீர் மட்டுமே போதுமாயிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று ஆற்றில் நீர் வரத் தாமதமாகும் ஆண்டுகளில் நாற்றங்காலைக் காப்பது மின்சாரம். அம்மின்சாரம் எங்கே பிறக்கிறது? அதற்கான முதலீட்டை யார் தருகிறார்கள்? கடனை யார் அடைக்கிறார்கள்? தஞ்சை வயலில் எழும் இவ்வினாக்கள் கூடங்குளம் வழியாக ஆப்பிரிக்கக் கண்டம் வரை செல்கின்றன.

நீர் வராத ஜூன்

மேட்டூர் அணை பாசனத்திற்காகத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. அந்நாளை நம்பியே படுகையில் குறுவைச் சாகுபடி தொடங்கும். 2012ஆம் ஆண்டில் அணையில் போதிய நீர் இல்லாமையால் ஜூன் மாதத்தில் மதகுகள் திறக்கப்படவில்லை. செப்டம்பரில்தான், சம்பாப் பயிருக்காக, நீர் விடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் குறுவையைக் காக்க ஆழ்துளைக் கிணறுகளே துணை நின்றன. எனவே படுகை மாவட்ட உழவர்களுக்கு நாள்தோறும் 12 மணிநேரம் மும்முனை மின்சாரம் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இறைவை மோட்டார்களுள் பெரும்பாலானவை மும்முனை மின்சாரத்தில் மட்டுமே இயங்குவன. வீட்டு விளக்கை எரிய வைக்கும் ஒருமுனை மின்சாரம் அவற்றைச் சுழற்றாது. 5 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் ஒன்று ஒரு மணிநேரம் ஓட ஏறத்தாழ 3.7 யூனிட் வேண்டும். 12 மணிநேரத்திற்கு 45 யூனிட் அளவில் வேண்டும். ஆனால் 2012, தமிழகமே மின்பற்றாக்குறையால் தவித்த ஆண்டு. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பகலில் பல மணிநேரம் மின்சாரம் நின்றுபோயிற்று. கோவையின் பட்டறைகள் முடங்கின. அதே ஆண்டில், தெற்கே கூடங்குளத்தில் 1000 மெகாவாட் திறனுள்ள அணுவுலை ஒன்று கட்டி முடிக்கப்பட்டும் இயங்காமல் நின்றது. ஆறு, வயல், உலை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்த ஆண்டு அது.

மேட்டூர் காட்டிய வழி

பெருந்திட்டம் ஒன்றைக் கடனில் கட்டி, அதன் பயனிலிருந்தே கடனை அடைப்பது படுகைக்குப் புதிதன்று. ஆங்கிலேய அரசு பாசனப் பணிகளை இரண்டாகப் பிரித்திருந்தது. செலவிட்ட முதலுக்கு வட்டியையேனும் ஈட்டித் தருபவை ஆக்கப் பணிகள். பஞ்சத்தைத் தடுப்பதற்காக, வருவாயை எதிர்பாராமல் செய்யப்படுபவை காப்புப் பணிகள். அணை கட்டலாமா என்னும் கேள்வி, நீர்த்தீர்வையாக எவ்வளவு திரும்பி வரும் என்னும் கேள்வியோடு பிணைந்தே இருந்தது.

1924இல் சென்னை மாகாணத்திற்கும் மைசூர் அரசுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின், 1925இல் மேட்டூரில் கட்டுமானம் தொடங்கியது. எல்லிஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டம் அது. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. செலவு 4 கோடியே 80 இலட்சம் ரூபாய், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளின் மேட்டு நிலங்களுக்கு நீர் கொண்டு சென்றது. மக்கள் அதனைப் ‘புது ஆறு’ என்று அழைத்தனர். மேட்டூர்த் திட்டத்தின் கீழ் சென்னை மாகாணம் புதிதாகப் பாசனம் செய்ய, 1924ஆம் ஆண்டு உடன்பாடு 3,01,000 ஏக்கருக்கு இடம் தந்திருந்தது. புது நிலம் விளைந்தால்தான் புதுத் தீர்வை வரும். கட்டி முடிக்க ஒன்பது ஆண்டுகள். அதுவரை செலவு மட்டுமே.

1937 முதல் அணையடியில் மின்சாரமும் பிறந்தது. எனினும் அந்நீர்மின்சாரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. பாசனத்திற்குத் திறக்கும் நீரே சுழலியைச் சுற்றுகிறது. மதகு மூடியிருந்தால் சுழலியும் நிற்கும். ஆற்றில் நீர் இல்லாத ஆண்டில்தான் உழவருக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அதே ஆண்டில்தான் மேட்டூரின் நீர்மின்சாரமும் குறைகிறது. மழையைச் சாராத மின்னுற்பத்தியைத் தேடவேண்டிய கட்டாயம் இங்கிருந்தே எழுந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதற்கு ஒரு விடை. கல்பாக்கம் மற்றொரு விடை.

முன்னே செலவு, பின்னே வரவு

நிலக்கரியில் இயங்கும் 1000 மெகாவாட் நிலையம் ஓராண்டில் 40 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட இந்திய நிலக்கரியை எரிக்கும். அதே திறனுள்ள, செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்கும் அணுவுலைக்கு ஆண்டுக்கு முப்பது டன்னுக்கும் குறைவான எரிபொருளே போதும். எனவே அணுமின்சாரத்தில் எரிபொருள் செலவு சிறிது. கட்டுமானச் செலவே பெரிது. நிலக்கரி நிலையத்தை நடத்துவது நாள்தோறும் உலைக்கு அரிசி வாங்குவதைப் போன்றது. அணுமின் நிலையமோ, வீட்டையே முதலில் கட்டிவிட்டுப் பின் அதில் குடியேறுவதைப் போன்றது.

இங்குதான் வட்டி நுழைகிறது. கிணறு வெட்டக் கடன் வாங்கிய உழவரை எண்ணிப் பார்க்கலாம். ஊற்றுக்கண் திறந்த நாளிலிருந்து வட்டி தொடங்குவதில்லை. பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. பாறை குறுக்கிட்டு வேலை நின்றாலும் வட்டி நிற்பதில்லை. ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் பெற்ற 100 ரூபாய், ஐந்தாண்டில் 147 ரூபாயாகவும் பத்தாண்டில் 216 ரூபாயாகவும் வளர்கிறது. அணுமின் நிலையத்தின் விலையைத் தீர்மானிப்பவை சிமெண்டும் எஃகும் மட்டுமல்ல. கட்டுமானம் இழுக்கும் ஒவ்வோர் ஆண்டும் விலையில் ஏறுகிறது. வட்டி விழுக்காடும் தாமதமும் சேர்ந்துகொண்டால், மலிவான மின்சாரம் அரிய மின்சாரமாகிவிடும்.

கல்பாக்கத்தின் முதல் அலகு 1983 ஜூலையில் தொடர்வினையைத் தொடங்கியது. இரண்டாம் அலகு 1986இல் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தலைப்பட்டது. இந்தியாவின் 1974ஆம் ஆண்டு அணுச் சோதனைக்குப் பின் கனடாவின் தொழில்நுட்ப உதவி நின்றுபோன சூழலில், இந்தியப் பொறியாளர்களே முன்னின்று கட்டிய நிலையம் அது. அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே அதற்குப் பணம் வந்தது. முதலீட்டின் சுமை பெரும்பாலும் கழிந்துவிட்ட அந்நிலையத்தின் மின்சாரம், கூடங்குளத்தின் மின்சாரத்தைவிட இன்று விலை குறைந்ததாக உள்ளது. 1987இல் இந்திய அணுமின் கழகம் தொடங்கப்பட்ட பின் முறை மாறியது. கழகத்தின் பங்கு முதல் ஒரு பகுதி, கடன் பெரும்பகுதி என்னும் அமைப்பில், கடன் பத்திரங்களை வெளியிட்டும் வங்கிகளை நாடியும் நிலையங்கள் எழலாயின.

கூடங்குளத்தின் கணக்கு

கூடங்குளத்தின் கதை அயல்நாட்டுக் கடனின் கதை. 1988 நவம்பரில் இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். அன்று இருநாட்டு வணிகம் ரூபாயிலேயே நடந்தது. தேயிலை, தோல் பொருள்கள், ஆடைகள் ஆகியவற்றை அனுப்பிக் கடனை நேர்செய்ய இயன்றது. மூன்றே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் சிதறியது, திட்டமும் உறங்கியது. 1998இல் இரஷ்யாவுடன் துணை உடன்பாடு ஏற்பட்டு, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் அலகு 2007ஆம் ஆண்டின் இறுதியில் முடியும் என்பது திட்டம். அது மின்தொடரில் இணைந்ததோ 2013 அக்டோபரில். வணிக முறை உற்பத்தி 2014 டிசம்பர் 31 அன்றுதான் தொடங்கியது. இரண்டு அலகுகளுக்கும் 13,171 கோடி ரூபாய் என முதலில் ஒப்புதல் பெற்ற செலவு, பின்னர் 22,462 கோடி ரூபாயாகத் திருத்தப்பட்டது. உழவரின் கிணற்றுக் கணக்கு இங்கே பேருருவம் கொண்டது.

ஆயினும் வரவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1000 மெகாவாட் அலகு முழுத்திறனில் இயங்கினால் ஒரு நாளில் 2 கோடியே 40 இலட்சம் யூனிட் பிறக்கும். மின்கம்பியில் ஏற்படும் இழப்பைக் கருதாவிடின், 5 குதிரைத்திறன் மோட்டார்கள் இரண்டரை இலட்சத்திற்கும் மேல் ஒரே நேரத்தில் ஓட அது போதும்.

தெரிந்து தெளிவோம்

கூடங்குளம் முதல் அலகின் 1000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 562.5, கர்நாடகத்திற்கு 221, கேரளத்திற்கு 133, புதுச்சேரிக்கு 33.5 மெகாவாட் என ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 50 மெகாவாட் மைய அரசின் ஒதுக்கீடு செய்யப்படாத பங்கு. காவிரி நீருக்காக நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற நான்கு பகுதிகள் இவையே. மின்சாரப் பங்கீட்டில் இவற்றுக்கிடையே அத்தகைய வழக்கு எழவில்லை.

கடற்கரை எழுப்பிய கேள்வி

கடனுக்கு வட்டி உண்டு. அச்சத்திற்கு விலை குறிப்பது எளிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது கல்பாக்கத்தின் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகில் கட்டப்பட்டுவந்த ஈனுலையின் அடித்தளக் குழியில் நீர் நிரம்பியது. அதே பேரலையில் தமிழகத்தில் மிகுதியான உயிர்களை இழந்தது படுகையின் கடைமடையான நாகப்பட்டினம். 2011இல் ஜப்பானின் புகுசிமாவில் நேர்ந்ததைக் கண்ட இடிந்தகரை மீனவர்கள் கூடங்குளத்தை எதிர்த்து நெடும்போராட்டம் நடத்தியதன் பின்னணி இதுவே. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க இசைவளித்து, பாதுகாப்புக்கான நெறிமுறைகளையும் விதித்தது.

விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை யார் தருவது என்பதும் நிதியைச் சார்ந்த வினாவே. 2010ஆம் ஆண்டின் அணுவிபத்துப் பொறுப்புச் சட்டம், நிலையத்தை இயக்குபவரின் பொறுப்பை 1,500 கோடி ரூபாய்க்கு வரையறுத்தது. அதற்கு மேற்பட்ட சுமை பொதுப்பணத்தின் மேலும், இறுதியில் பாதிக்கப்பட்டோர் மேலும் விழக்கூடியது. தீர்ந்த எரிபொருளைக் காப்பதும், ஆயுள் முடிந்த உலையைக் கலைப்பதும் பிற்காலச் செலவுகள். கலைப்புச் செலவுக்காக விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா ஒதுக்குவது இந்திய வழக்கம். அத்தொகை போதுமா என்பது இன்னும் நெடுங்காலம் கழித்தே தெரியவரும்.

படுகை மக்களும் இவ்வினாவுக்கு வெளியே நிற்பவர் அல்லர். மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் போராடினர். 2020இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு அங்கே தடை வந்தது. நெல் விளையும் மண்ணைக் காத்தது அறிவுடைய செயலே. ஆனால் தன் மண்ணில் எரிபொருள் எடுக்க வேண்டா என்று கூறும் வயலுக்கு, வேறோர் ஊரின் கரையிலிருந்தே மின்சாரம் வருகிறது. இடிந்தகரையின் வலைக்கும் தஞ்சையின் ஏருக்கும் இடையே உள்ள இக்கணக்கு இன்னும் நேர்செய்யப்படவில்லை.

ஆப்பிரிக்க நாடுகளின் நிலை

இதே கணக்கை இன்று ஆப்பிரிக்க நாடுகள் போட்டுப் பார்க்கின்றன. அக்கண்டத்தில் ஏறத்தாழ 60 கோடி மக்களுக்கு மின்னிணைப்பு இல்லை. அங்கு இயங்கிவரும் ஒரே அணுமின் நிலையம் தென்னாப்பிரிக்காவின் கூபெர்க். 1984 முதல் மின்சாரம் தருகிறது. கானா, கென்யா, உகாண்டா போன்றவை திட்டம் தீட்டும் நிலையில் உள்ளன. எகிப்து நாடு எல் டபா என்னுமிடத்தில் 1200 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளைக் கட்டிவருகிறது. முதல் அலகின் பணி 2022 ஜூலையில் தொடங்கியது. இரஷ்யா 2,500 கோடி டாலரை ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியில் கடனாகத் தருகிறது. செலவில் 85 விழுக்காட்டை அக்கடன் ஈடுசெய்யும். தவணை 2029இல் தொடங்கி 22 ஆண்டுகள் நீளும். உலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் தவணை நாள் வந்துவிடும். கடன் டாலரில் இருப்பதால், எகிப்திய நாணயத்தின் மதிப்பு வீழும்போதெல்லாம் சுமை கூடும்.

உலக வங்கி அணுமின் நிலையத்திற்கு என்று கடன் தந்தது ஒரே முறை, 1959இல் இத்தாலிக்கு. நெடுங்காலம் மூடியிருந்த அக்கதவு 2025 ஜூனில்தான் திறக்கப்பட்டது. ஒரே நாட்டின் கடனையே நம்பவேண்டிய நிலை இனித் தளரக்கூடும். எனினும் சிறிய மின்தொடரில் ஒரு பேருலையை இணைப்பது அரிது. அது திடீரென்று நின்றால் நாடே இருளில் மூழ்கும். பணத்திற்கு முன்னரே மின்கம்பிகள் வலுப்பெற வேண்டும்.

மின்சாரம் வருவாயாக மாறுமிடம்

மேட்டூர்க் கடனை உழவரின் தீர்வை தாங்கியது. இன்றைய தமிழக உழவர் இறைவை மின்சாரத்திற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அரசே மின்வாரியத்திற்கு மானியமாகத் தருகிறது. ஆகவே கடன் அடைய வேண்டுமாயின், அம்மின்சாரத்தைப் பயன்படுத்தும் ஊரில் வேறு வருவாய் பெருக வேண்டும். ஆற்றில் நீர் வந்த நாளில் மோட்டார் நின்றுவிடுகிறது; அணுவுலையோ இரவும் பகலும் ஒரே சீராக ஓடுகிறது. அந்த மின்சாரத்திற்குப் படுகையில் வேலை இல்லாமலில்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. மழையில் நனைந்த நெல்லுடன் உழவர்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். நெல் முளைவிடுவதும் உண்டு. மழை மிகுந்த ஆண்டுகளில் விதியைத் தளர்த்துமாறு மாநில அரசு மைய அரசுக்குக் கடிதம் எழுதுகிறது. உலர்த்தும் எந்திரங்களும் அரிசி ஆலைகளும் சேமிப்புக் கிடங்குகளும் கொள்முதல் நிலையத்தின் அருகிலேயே அமையுமாயின், அக்கடிதத்திற்குத் தேவை குறையும். கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களின் சாலையோரங்களிலோ இன்றும் ஈரநெல் வெயிலுக்காகப் பரப்பப்பட்டுக் கிடக்கிறது.